ஓரத்தில் நிற்கும் நடுவர்

தமிழில் 'நடுவர்' என்கிற சொல் கொஞ்சம் கனமானது. நடுவில் நிற்பவர், பக்கம் சாயாதவர் என்பது ஒரு பொருள். 'நடுவன்' என்றால் எமன். தீர்ப்புச் சொல்கிறவனுக்கும் உயிரெடுக்கிறவனுக்கும் மொழி ஒரே பேரை வைத்திருக்கிறது. தீர்ப்புக்குப் பின்னால் ஒரு பாசக்கயிறோ தடியோ இருந்தாக வேண்டும் என்கிற எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. சரி, கயிறும் இல்லை, தடியும் இல்லை. வாயில் ஒரு விசில், சட்டைப்பையில் இரண்டு அட்டை. இப்படி ஒரு ஆள் லீவு நாள் காலையில் ஒரு மைதானத்தில் போய் நின்று 'நான்தான் நடுவர்' என்றால் என்ன நடக்கும்?

நெதர்லாந்தில் அல்மேரே என்று ஒரு ஊர். கடல்நீரை வெளியேற்றி எடுத்த நிலத்தில் 1970களில் எழுப்பிய நகரம். ஆம்ஸ்டர்டாமுக்குப் பக்கம். 2012 டிசம்பர் 2, ஞாயிறு. பதினைந்து, பதினாறு வயதுப் பையன்களின் கால்பந்தாட்டம். உள்ளூர் அணி பௌட்டன்பாய்ஸ். எதிரணி ஆம்ஸ்டர்டாமின் நியூ ஸ்லோட்டன். கோட்டோரத்தில் கொடி பிடித்து நின்றவர் ரிச்சர்ட் நியூவென்ஹவுசன், வயது 41. சம்பளக்காரர் இல்லை, தொண்டர். அவருடைய மகன் அந்த ஆட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தான். ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பையன்கள் சிலர் அவரைக் கீழே தள்ளி மிதித்தார்கள். தலையிலும் மிதி விழுந்தது. எழுந்துவிட்டார். சில மணிநேரம் கழித்து மயங்கி விழுந்தார். மறுநாள் மருத்துவமனையில் இறந்துபோனார். 2013 ஜூனில் தீர்ப்பு வந்தது. ஆட்டக்காரப் பையன்களுக்குச் சிறார் சட்டப்படி அதிகபட்சம் இரண்டு ஆண்டு. அவர்களோடு சேர்ந்து மிதித்த ஒருவருக்கு ஆறு ஆண்டு. அந்த ஒருவர், பையன்களில் ஒருவனுடைய அப்பா.

செத்தவரும் ஒரு அப்பா, சிறைக்குப் போனவரும் ஒரு அப்பா. இரண்டு பேரும் ஒரே கோட்டின் ஓரத்தில் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள்தான். இதைக் 'காட்டுமிராண்டித்தனம்' என்று ஒரே சொல்லில் கழித்துக் கட்டிவிடலாம். அப்போது அங்கே பத்திரிகைகள் பெரும்பாலும் அதைத்தான் செய்தன. ஆனால் எனக்கு உறுத்துவது வேறொரு விஷயம். அந்தக் கொடி ஏன் ஒரு ஆட்டக்காரனுடைய அப்பா கையில் இருந்தது?

இதுக்குக் கொஞ்சம் பின்னால போகணும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மேட்டுக்குடிப் பள்ளிகள் கால்பந்துக்கு விதி எழுதியபோது அதில் நடுவர் என்று யாரும் கிடையாது. தகராறு வந்தால் இரண்டு கேப்டன்களும் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். கனவான்கள் அல்லவா! பிறகு அணிக்கு ஒரு 'அம்பயர்' வந்தார். அவரும் தாமாக வாய் திறக்கமாட்டார். ஆட்டக்காரர் முறையிட்டால்தான் தீர்ப்பு. கிரிக்கெட்டில் இன்றைக்கும் 'ஹவ்ஸ் தட்' என்று கத்துகிறார்களே, அது மாதிரி. இரண்டு அம்பயர்களும் ஒத்துப்போகாவிட்டால் மைதானத்துக்கு வெளியே நிற்கிற மூன்றாவது ஆளிடம் போய்க் கேட்பார்கள். 'ரெஃப்ரி' என்கிற சொல்லுக்கு அர்த்தமே அதுதான்: யாரிடம் போய்க் கேட்கிறோமோ அவர். 1885இல் காசு வாங்கி ஆடுவது சட்டபூர்வமானது. ஆலைத் தொழிலாளர்கள் ஆட்டத்துக்குள் வந்தார்கள். 1891இல் அந்த மூன்றாம் ஆளை மைதானத்துக்குள் கொண்டுவந்து முழு அதிகாரத்தையும் கொடுத்தார்கள். அம்பயர்கள் இரண்டு பேரும் கோட்டோரத்துக்குத் தள்ளப்பட்டு 'லைன்ஸ்மேன்' ஆனார்கள். பெனால்டி உதை வந்ததும் அதே ஆண்டில்தான். ஒரு கனவான் வேண்டுமென்றே தப்பாட்டம் ஆடுவானா என்று அதை அவமானமாக எடுத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள்.

இதில் இரண்டு விஷயங்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, நடுவரைப் பார்த்துக் கத்துவது ஒரு காலத்தில் ஆட்டத்தின் சட்டபூர்வமான பகுதியாகவே இருந்தது. கத்தாவிட்டால் தீர்ப்பே கிடையாது. 1890களில் முறையிடும் உரிமையை எடுத்துவிட்டார்கள். உரிமைதான் போனது, தொண்டை போகவில்லை. இரண்டாவது, அந்த மாற்றம் நிகழ்ந்தது மேல்தளத்தில். தொழில்முறை ஆட்டத்தில் கொடி பிடிக்கிறவர் எந்தக் கிளப்பையும் சேராதவர், பயிற்சி பெற்றவர். 1996 முதல் அவருக்குப் பேரே 'துணை நடுவர்'. அடித்தளத்தில்? உலகெங்கும் பையன்களின் ஆட்டங்களுக்கு மூன்று நடுவர்களை அனுப்ப ஆளும் இல்லை, காசும் இல்லை. எனவே ஒவ்வொரு கிளப்பும் தன் பக்கத்து ஆள் ஒருவரிடம் கொடியைக் கொடுத்துவிடுகிறது. அதாவது 1891க்கு முந்தின அமைப்பு அடித்தளத்தில் அப்படியே உயிரோடு இருக்கிறது, கனவான்கள் மட்டும்தான் இல்லை. நியூவென்ஹவுசன் கொடியை உயர்த்தியபோது எதிரணிப் பையனின் கண்ணுக்குத் தெரிந்தது நடுவர் இல்லை, எதிராளியோட அப்பன். இந்தப் பார்வை முழுக்கத் தப்பு என்று சொல்லிவிட முடியாது என்பதுதான் சிக்கல். நடுவராக இருக்கும்படி பணிக்கப்பட்ட ஒருவரை நடுவில் நிற்க முடியாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறோம். பிறகு அவருடைய நடுநிலைமையைச் சந்தேகிக்கிறோம்.

நோர்பர்ட் எலியாஸ் என்ற சமூகவியலாளர் எரிக் டன்னிங்கோடு சேர்ந்து 1986இல் விளையாட்டைப் பற்றி ஒரு முக்கியமான நூலை வெளியிட்டார். ஐரோப்பிய சமூகத்தில் வன்முறையை அரசு தன் ஏகபோகமாக ஆக்கிக்கொண்டுவிட்டது. தனிமனிதன் தன் உணர்ச்சிகளைத் தானே அடக்கப் பழகிவிட்டான். இப்படி அடக்கிவைத்த உணர்ச்சிகளை ஆபத்தில்லாமல் கொஞ்சம் அவிழ்த்துவிட ஒரு வேலியடைத்த இடம் தேவைப்பட்டது. அதுதான் நவீன விளையாட்டு என்பது அவர் வாதம். நாஜிகளிடமிருந்து தப்பிய யூதர் எலியாஸ். நாகரிகம் எவ்வளவு மெல்லிய தோல் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அவர் கடைசிக் காலத்தில் வாழ்ந்து 1990இல் இறந்ததும் ஆம்ஸ்டர்டாமில்தான். அல்மேரே அங்கிருந்து கூப்பிடு தூரம் இல்லையென்றாலும் ரயில் தூரம்.

எலியாஸின் கோட்பாட்டில் எனக்கு ஒரு இடறல் உண்டு. அவர் சொல்கிற வேலியை யார் காக்கிறது? பெரிய அரங்கில் போலீஸ் இருக்கிறது, ஊழியர்கள் இருக்கிறார்கள், நடுவர் ஓடி ஒளிய ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது, கோடிப்பேர் பார்க்கிற தொலைக்காட்சி இருக்கிறது. அங்கே அவர் தனியாள் இல்லை, ஒரு நிறுவனத்தின் முகம். அடிமட்ட மைதானத்தில் அரசின் ஏகபோகமெல்லாம் கார் நிறுத்துமிடத்தோடு சரி. பார்வையாளனுக்கும் ஆட்டக்காரனுக்கும் இடையே இருப்பது ஒரு சுண்ணாம்புக்கோடு. எலியாஸ் பேசுகிற பார்வையாளன் தனக்குச் சம்பந்தமில்லாத பதினொரு பேருக்காக உணர்ச்சிவசப்படுகிறவன். இங்கே பார்வையாளன் பெத்த தகப்பன். வாரத்தில் இரண்டு நாள் பயிற்சிக்கு வண்டியில் கொண்டுபோய் விட்டவன், பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவன், என்றைக்காவது ஒரு பெரிய கிளப்பின் ஆள் வந்து பையனைப் பார்ப்பான் என்று காத்திருப்பவன். ஒரு ஆஃப்சைடு கொடி அவனுக்கு விளையாட்டுச் சமிக்ஞை கிடையாது. தன் முதலீட்டின் மீது விழுந்த அடி.

அதிகாரம், எதிர்ப்பு என்று எழுதிப் பழகிய நம் போன்றவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சபலம் வரும். நடுவர் என்பவர் விதியின் உருவம், ஒழுங்கின் சீருடை. அவரைத் திட்டுவதும் அடிப்பதும் அதிகாரத்துக்கு எதிரான கலகக் கூறு என்று ஒரு 'வாசிப்பு' நிகழ்த்திவிடலாம். கேட்க நல்லாத்தான் இருக்கும். இங்கிலாந்து நடுவர்களைப் பார்த்தால் இந்த வாசிப்பு நொறுங்கிவிடும். அங்கே 14 வயதிலேயே நடுவர் பயிற்சி பெற்றுத் தன்னைவிடச் சிறிய பிள்ளைகளின் ஆட்டத்துக்குப் போகலாம். நாற்பது வயது ஆள், தொண்டை நரம்பு புடைக்க ஒரு பள்ளிக்கூடப் பையனைப் பார்த்துக் கெட்ட வார்த்தை பேசுகிறான். தெருவில் ஒரு சிறுவனிடம் இப்படிப் பேசினால் நாலு பேர் கேட்பார்கள். கோட்டோரத்தில் பேசினால் அதற்குப் பேர் 'ஆட்ட உணர்ச்சி'. திங்கள் முதல் வெள்ளி வரை மேலாளர் முன்னால், வங்கி முன்னால், வீட்டுக்காரன் முன்னால் கைகட்டி நிற்கிறவனுக்கு, சனி ஞாயிறில் திருப்பி அடிக்க வக்கில்லாத ஒரு அதிகாரம் கையில் கிடைக்கிறது. அதன் மேல் காறித் துப்புகிறான். இது கலகம் என்றால் பெண்டாட்டியை அடிப்பதும் கலகம்தான்.

2023இல் பிபிசி, இங்கிலாந்தின் அடிமட்ட நடுவர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. பதில் சொன்ன 927 பேரில் 908 பேர் வசை வாங்கியவர்கள், 293 பேர் உடல்ரீதியாகத் தாக்கப்பட்டவர்கள். பாதிக்கப்பட்டவர்கள்தான் இம்மாதிரி கேள்விகளுக்கு அதிகம் பதில் எழுதுவார்கள் என்று கொஞ்சம் தள்ளுபடி போட்டுக்கொள்ளலாம். எவ்வளவு தள்ளுபடி போட்டாலும் வசை வாங்காத 19 பேர் என்பது ஒரு வகுப்பறைக்குக்கூடக் காணாது.

அல்மேரே சம்பவத்துக்கு இன்னொரு வாசிப்பும் உடனடியாகத் தயாராக இருந்தது. அடித்தவர்களில் மொராக்கோ வம்சாவளிப் பிள்ளைகள் இருந்தார்கள். வலதுசாரி அரசியல்வாதி கெர்ட் வில்டர்ஸ், இது கால்பந்துப் பிரச்சினை இல்லை, மொராக்கோக்காரர் பிரச்சினை என்று அறிவித்தார். ஒரு பிணம் கிடைத்தால் அதற்கு இனம் பார்க்க எப்போதும் ஆள் உண்டு. ஆனால் அடுத்த சில மாதங்களிலேயே, 2013 ஏப்ரலில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இளைஞர் ஆட்டமொன்றில் ரிக்கார்டோ போர்ட்டில்லோ என்கிற நடுவர் ஒரு மஞ்சள் அட்டை காட்டினார். குறிப்பேட்டில் அதை எழுதக் குனிந்த நேரத்தில் 17 வயது கோல்கீப்பர் தலையில் குத்தினான். ஒரு வாரம் நினைவில்லாமல் கிடந்து மே மாதம் இறந்தார். இங்கே மெக்சிகோவிலிருந்து குடிபெயர்ந்தவர் நடுவர்தான். 2023 டிசம்பரில் துருக்கியில் முதல்நிலைக் கழக ஆட்டம் முடிந்ததும் மைதானத்துக்குள் இறங்கி நடுவரின் முகத்தில் குத்தியவர் தோற்ற ஏழை இல்லை, அந்தக் கிளப்பின் தலைவர். இனமும் வர்க்கமும் மாறிக்கொண்டே இருக்கின்றன, குத்து வாங்குகிற இடம் மாறுவதில்லை.

என்ன செய்கிறார்கள்? இங்கிலாந்தில் 2023 முதல் சில பகுதிகளின் வயதுவந்தோர் ஆட்டங்களில் நடுவர் மார்பில் கேமரா மாட்டிப் பரீட்சித்தார்கள். ஃபூக்கோவை இழுக்காமல் ஒரு கட்டுரை எழுத மாட்டியா என்று நண்பர்கள் கோபிப்பார்கள். என்றாலும் இது அவர் கோபுரத்தையே நெஞ்சில் சுமந்து நடப்பது மாதிரித்தான் இருக்கிறது. தீர்ப்புச் சொல்கிறவர் சாட்சியமும் சேகரிக்க வேண்டியிருக்கிறது. உபயோகம் இல்லை என்று சொல்லவில்லை. அடி வாங்குகிறவருக்கு எது கிடைத்தாலும் பிடிமானம்தான். ஆனால் கேமரா ஒத்துக்கொள்வது என்னவென்றால், நடுவர் சொல்லுக்குத் தனியாக மதிப்பு இல்லை என்பதை.

ஜெர்மனியில் நடந்த இரண்டு காரியங்கள் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகின்றன. 2019 அக்டோபரில் பெர்லின் நடுவர்கள் ஒரு வார இறுதி முழுக்க வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏறக்குறைய 1500 அமெச்சூர் ஆட்டங்கள் நடக்கவில்லை. தடியில்லாத நடுவனிடம் இருக்கிற ஒரே ஆயுதம், வராமல் இருப்பது. அதே வார இறுதியில் ஹெஸ்ஸே மாநிலத்தில் ஒரு ஆட்டக்காரனை வெளியேற்றிய 22 வயது நடுவர் அடிவாங்கி மயங்கி விழுந்தார், ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள்.

இன்னொன்று அமைதியாக நடந்தது. 2005இல் ஆகன் நகரப் பகுதியில் தொடங்கிப் பரவிய ஒரு ஏற்பாடு. சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தில் நடுவரே கிடையாது. யார் பந்து, ஃபவுலா இல்லையா, எல்லாம் பிள்ளைகளே முடிவு செய்கிறார்கள். இரண்டு பயிற்சியாளர்களும் ஒரே இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்க வேண்டும். பெற்றோர் சுமார் 15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பிள்ளைகள் அடித்துக்கொள்ளவில்லை. தெருவில் செங்கல்லை கோல்போஸ்டாக வைத்து ஆடிய எல்லோருக்கும் இது தெரிந்த சங்கதிதான்; 'அவுட்டு', 'இல்ல' என்று பத்து நிமிஷம் கத்திவிட்டு ஆட்டம் தொடரும், ஏன்னா எல்லாருக்கும் ஆடணும். ஆக, அந்த வயதில் நடுவர் தேவைப்பட்டது பிள்ளைகளுக்காக இல்லை. கோட்டோரத்தில் நின்ற பெரியவர்களுக்குத் திட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்தப் பதினைந்து மீட்டர், கேமராவைவிட நல்ல கண்டுபிடிப்பு.

ஆனால் பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள். பதினைந்து வயதில் பட்டியலும் புள்ளியும் வந்துவிடும். ஆஃப்சைடைக் கோட்டுக்கு நேரே நின்று யாராவது பார்த்தாக வேண்டும். மூன்றாம் ஆளை அனுப்பச் சங்கங்களிடம் ஆளில்லை. திட்டும் அடியும் வாங்கி ஆட்கள் விலகிப்போவதால் மேலும் ஆளில்லை. ஆளில்லாத இடத்தில் மறுபடி ஒரு அப்பா. அல்மேரே சாவுக்கு அடுத்த வார இறுதியில் நெதர்லாந்து முழுக்க அமெச்சூர் ஆட்டங்களை ரத்து செய்தார்கள். தொழில்முறை ஆட்டங்களில் ஒரு நிமிடம் மௌனம். அதற்கடுத்த வாரம் ஆட்டங்கள் தொடங்கின. தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு மைதானத்திலும் யாரோ ஒரு பயிற்சியாளர் பெற்றோர் பக்கம் திரும்பி, கையில் கொடியை வைத்துக்கொண்டு, இதை யார் பிடிக்கிறீர்கள் என்று கேட்டிருப்பார்.