விலைப் பத்திரத்தில் வேர்கள்

கொச்சி காயலில் உள்ள வல்லார்பாடம் தீவில், சிறைப்பட்டோரை மீட்கும் மாதாவின் ஆலயத்தில் குழந்தைகளை 'அடிமை' வைக்கும் நேர்ச்சை உண்டு. வழிபாடு முடிந்ததும் குழந்தை அம்மாவின் இடுப்பிலேறி வீடு திரும்பிவிடும்.

எதிர்க்கரையில் நிஜமாகவே விற்கப்பட்ட குழந்தைகள் திரும்பவில்லை. 1663 முதல் 1795 வரை கொச்சியை ஆண்ட டச்சுக்காரர்கள், மிளகோடு மனிதர்களையும் கப்பலேற்றினார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்குப் போய்ச் சேர்ந்த அடிமைகளில் சிறுவர், சிறுமியரும் இருந்தனர். எஜமானர்கள் புதுப் பெயர் சூட்டினர். கூடவே 'வான் மலபார்', 'வான் கொச்சின்' என்று ஓர் ஒட்டு. சிலருக்கு மாதத்தின் பெயர். 'செப்டம்பர்' இன்றும் அங்கே குடும்பப் பெயர்.

1834ல் அங்கு அடிமை முறை ஒழிந்தது. மூதாதையரைத் தேடும் சந்ததியினருக்கு அந்த ஊர் ஆவணங்கள் பெரும்பாலும் 'வான் மலபார்' வரைதான் வழிகாட்டும்.

மிச்ச வழி சென்னை எழும்பூரில் இருக்கிறது. தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ள கொச்சி டச்சு ஆவணங்களில் 18ஆம் நூற்றாண்டின் அடிமை விற்பனைப் பத்திரங்கள் உள்ளன. விற்றவர், வாங்கியவர், விலை, வயது, சாதி எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். கொச்சிப் பத்திரங்களை ஆராய்ந்து லிண்டா எம்பெகி, மத்தியாஸ் வான் ரோசம் இருவரும் 2017ல் கட்டுரை வெளியிட்டனர்.

விசித்திரம்தான். குழந்தையை மலிவாக விற்க வைத்த அதே சாதிதான், அது எந்தச் சமூகத்திலிருந்து போனது என்பதற்கு இன்று தடயம். ஆனால் பெயர் மாறிவிட்டதால், 'இதுதான் என் பாட்டியின் பத்திரம்' என்று அடித்துச் சொல்வது கடினம். உடைமையை நிலைநாட்ட எழுதிய காகிதத்தில்தான் உறவைத் தேட வேண்டியிருக்கிறது.