உங்களுக்குத் தெரியுமா? நாலு சுற்றுக்குத் தாங்கும் ஆம்ப்

வால்வு எரியும் பழைய கிதார் ஆம்ப் இன்னும் மலையேறிவிடவில்லை. ஆனால் அதன் குரலை இன்று ஒரு சில்லே போட்டுக் காட்டுகிறது. இந்த டிஜிட்டல் மாடலிங் வித்தையின் முன்னோடி, 1996-இல் வந்த லைன் 6 ஆக்ஸிஸ் 212.

2004-இல் வந்த ரோலண்ட் மைக்ரோ கியூப், அதே வித்தை கொண்ட, கையில் தூக்கிப்போகிற பெட்டி: 2 வாட், 5 அங்குல ஸ்பீக்கர். பென்டார்ச் பேட்டரி ஆறு போட்டால் சுமார் 20 மணி நேரம் பாடும். திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர்; நிதானமாக நடந்தால் நாலைந்து மணி நேரம். நாலு சுற்று வந்தாலும் பேட்டரி தாங்கும்! (அங்கே வாசிக்கச் சொல்லவில்லை.)

வீட்டுப் பயிற்சிக்கு 2 வாட் தாராளம். டிரம்ஸ் பக்கத்தில் வைத்தால் காணாமல் போய்விடும். ஒப்பிட்டு வாங்குபவர்கள் ஆம்புக்குள் எத்தனை ஆம்ப் குரல்கள் (மாடல்கள்) என்று எண்ணுவதைவிட, ஸ்பீக்கரின் அளவை முதலில் பார்ப்பது நல்லது.