பாலைநிலத்தில் ஒரு சவேரியார் ஆலயம்



மன்னார் மக்களுக்கு நற்செய்தியை அறிவிக்க 1544ஆம் ஆண்டில் குருவானவர் ஒருவரை அனுப்பிவைத்தவர் புனித பிரான்சிஸ் சவேரியார் என்பதை நாம் அறிவோம். அவருடைய திருப்பெயரைத் தாங்கிய ஆலயமொன்று, அவரது பாதம் படாத அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்தில், டூசன் நகருக்குத் தெற்கே வெண்ணிறமாய் நிற்கின்றது. ‘சான் சேவியர் டெல் பாக்’ என்பது அதன் பெயர்.

1692இல் இயேசு சபையைச் சேர்ந்த கீனோ அடிகளார் ஓஓதம் பழங்குடியினர் வாழ்ந்த அவ்வூருக்கு வந்தார். 1767இல் ஸ்பானிய மன்னர் இயேசு சபையினரை வெளியேற்றவே, பிரான்சிஸ்கன் துறவிகள் பணியைத் தொடர்ந்தனர். இன்றுள்ள ஆலயம் 1783க்கும் 1797க்கும் இடையில், கடன் பெற்ற பணத்தாலும் ஓஓதம் மக்களின் உழைப்பாலும் எழுந்தது.

கூரைக்கேற்ற நெடுமரங்கள் அங்கு அரியவை. ஆதலால் சுட்ட செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் சிலுவை வடிவில் சுவரெழுப்பி, மேலே குவிமாடங்கள் அமைத்தனர். இரு கோபுரங்களுள் கிழக்குக் கோபுரம் இன்றும் முற்றுப்பெறவில்லை.

அந்நியர் ஆட்சியும் அவர்களுடன் வந்த நோய்களும் அம்மக்களைப் பெரிதும் வருத்தின. இதனை நாம் மறைத்தலாகாது. ஆயினும், 1821இல் மெக்சிக்கோ விடுதலை பெற்றபின் ஸ்பானியக் குருமார் வெளியேற்றப்பட்டு, பல ஆண்டுகள் ஆலயம் குருவானவரின்றிக் கிடந்தபோது, திருப்பாத்திரங்களைத் தம் வீடுகளில் வைத்துக் காத்தவர்கள் அம்மக்களே. 1859இல் குருவானவர் வந்தபோது அவற்றை அவரிடம் ஒப்படைத்தனர்.

இருபதாம் நூற்றாண்டில் சுவர்களுக்குச் சீமெந்து பூசப்பட்டது. உறுதியளிக்குமென எண்ணப்பட்ட அதுவே ஈரத்தை உள்ளே சிறைப்படுத்தி, சுவரோவியங்களைச் சிதைத்தது. பின்னர் அதனை அகற்றி, நாகதாளிச் சாறு கலந்த பழைய முறைச் சுண்ணாம்புச் சாந்தையே பூசினர். 1992 முதல் 1997 வரை நிபுணர்கள் உட்புற ஓவியங்களைச் சீர்செய்தபோது, ஓஓதம் மக்கள் சிலரும் அப்பணியைக் கற்று உடனுழைத்தனர்.

அன்பர்களே, ஆலயத்தைப் பாதுகாப்பது குருவானவரின் கடமை என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். பீடத்தில் குருவானவர் இல்லாத காலத்திலும் திருப்பாத்திரங்களை வீட்டில் காத்த அக்குடும்பங்கள் நம்மிடம் ஒரு கேள்வியை விட்டுச்சென்றுள்ளன. நம் பங்கின் விசுவாசத்திற்கு அத்தகைய காலம் வந்தால், அதைக் காத்துவைக்க நம் இல்லத்தில் இடமுண்டா? இன்றிரவு குடும்பமாகச் செபிக்கும்போது இதனைச் சிந்திப்போம்.