சிலுவை தைக்காத போர்வை

ஐக்கிய அமெரிக்காவின் வடபகுதியில் உள்ள மின்னசோட்டா, டக்கோட்டா மாநிலங்களில் செப்டெம்பர் பிறந்துவிட்டால் மேப்பிள் மரங்களின் இலைகள் சிவக்கத் தொடங்கும். சோளமும் சோயாவும் அறுவடைக்கு நிற்கும். பனி கொட்டுமுன் வயல் வேலையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் எங்கும் தெரியும். அந்த அவசரத்தின் நடுவிலும் அங்குள்ள சிற்றூர்களின் லுத்தரன் ஆலயங்களில் நிலக்கீழ் மண்டபங்கள் கலகலப்பாக இருக்கும். ஒருபுறம் சமையல், மறுபுறம் தையல்.

லுத்தரன் சபையார் தமிழருக்குப் புதியவர் அல்லர். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய சீகன்பால்கு ஐயர் அச்சபையைச் சேர்ந்தவரே. மின்னசோட்டாவில் அச்சபையைக் கட்டி வளர்த்தவர்களில் பெரும்பாலோர் 19ஆம் நூற்றாண்டில் நோர்வே, சுவீடன், ஜேர்மனி முதலிய நாடுகளிலிருந்து நிலம் தேடி வந்து குடியேறிய உழவர்கள்.

ஊர் கூடி உண்ணும் விருந்து

நோர்வே வழிவந்தவர்களின் ஆலயங்களில் ஒக்டோபர், நொவெம்பர் மாதங்களில் 'லுட்ஃபிஸ்க்' விருந்து நடைபெறும். காய்ந்த கொட் மீனைக் காரநீரில் ஊறவைத்து, பலமுறை நல்ல நீர் மாற்றிக் கழுவி, வேகவைத்து, உருக்கிய வெண்ணெயுடன் பரிமாறுவார்கள். கூடவே உருளைக்கிழங்கு மாவில் சுட்ட மெல்லிய ரொட்டியும் உண்டு. கருவாட்டு மணத்தோடு வளர்ந்த நமக்கே அதன் வாடை சற்றுக் கடினமாகத்தான் இருக்கும்! ஒரு காலத்தில் ஏழைகளின் உணவாக இருந்த இந்த மீனை உண்ண, அயலூர்களிலிருந்தும் மக்கள் சீட்டு வாங்கிக்கொண்டு வருகிறார்கள். கிழங்கு உரிப்பவர், மேசை துடைப்பவர், பாத்திரம் கழுவுபவர் எல்லாரும் சபையின் அங்கத்தவர்களே. கூலி எவருக்கும் இல்லை. கிடைக்கும் பணம் ஆலயத் தேவைகளுக்கும் அறப்பணிகளுக்கும் செல்கிறது. நாம் சிரமதானம் என்று சொல்வதும் இதைத்தானே?

தையல் மேசை

கோடை ஓய்வுக்குப் பின் பெண்கள் குழுக்கள் மீண்டும் தையலுக்குக் கூடுகின்றன. பழைய திரைச்சீலை, படுக்கை விரிப்பு, மிஞ்சிய துணித்துண்டு ஆகியவற்றை வெட்டி ஒட்டுப்போர்வை தைக்கிறார்கள். மேல்துணி, நடுவில் கதகதப்புக்கான அடைதுணி, அடித்துணி என மூன்று அடுக்குகள். அவை விலகாதபடி இடையிடையே தடித்த நூலால் முடிச்சுப் போடப்படும். அளவு 60 அங்குலம் அகலம், 80 அங்குலம் நீளம். அகதி முகாமில் அது போர்வையாகும், பாயாகும், குடும்பத்தை மறைக்கும் தட்டியாகும், பிள்ளையைச் சுமக்கும் ஏணையாகும்.

இப்போர்வைகளைச் சேகரித்து அனுப்பும் 'லுத்தரன் உலக நிவாரணம்' என்ற நிறுவனம் 1945இல் தொடங்கப்பட்டது. உலகப் போரில் நொந்த ஐரோப்பிய மக்களுக்கு உதவுவதே அதன் முதற்பணி. நேற்றுவரை பகைநாடாயிருந்த ஜேர்மனியின் மக்களும் அந்த உதவியைப் பெற்றார்கள்.

அந்நிறுவனம் தைப்பவர்களுக்கு விதித்துள்ள ஒரு நிபந்தனை நம் கவனத்துக்குரியது. போர்வையில் சிலுவையோ, வேத வசனமோ, ஆலயத்தின் இலச்சினையோ, தேசியக் கொடியோ இருக்கக்கூடாது. பல மதத்தவர் வாழும் இடங்களுக்கும் போர் நடக்கும் நாடுகளுக்கும் அது செல்கிறது. பெறுபவரின் நம்பிக்கையை அது புண்படுத்தக்கூடாது; அவருக்கு ஆபத்தையும் தேடித்தரக்கூடாது.

இது அபிவிருத்தியா?

போர்வை கொடுப்பதால் வறுமை ஒழியுமா என்று கேட்கலாம். ஒழியாது. கடல் கடந்து அனுப்பவும் பெருஞ்செலவாகும். அருகிலேயே வாங்கக்கூடிய இடத்தில் அங்கு வாங்குவதே அவ்வூர் வியாபாரிக்கும் நன்மை. அதே நிறுவனம் கோப்பி, கொக்கோ பயிரிடும் சிறு விவசாயிகளோடு வேலை செய்வதும் நிவாரணம் மட்டும் போதாது என்பதை உணர்ந்தே.

ஆயினும் அந்தத் தையல் மேசை தைப்பவர்களையும் மாற்றுகிறது. விதவையான மூதாட்டி தனிமை மறக்கிறார். வரைபடத்தில் மட்டும் கண்ட ஒரு நாட்டின் துயரம் பேச்சுக்கு வருகிறது. ஆனால் அம்மேசையைச் சுற்றி இருப்பவர்களில் பலர் முதியவர்கள். 1988இல் செயற்படத் தொடங்கியபோது 50 இலட்சத்துக்கும் அதிகமானோரைக் கொண்டிருந்த அமெரிக்க சுவிசேஷ லுத்தரன் திருச்சபையில் இன்று 30 இலட்சம் பேர்கூட இல்லை. 2013 முதல் செப்டெம்பர் மாதத்து ஞாயிறு ஒன்றை, 'கடவுளின் பணி, நம் கைகள்' என்று அச்சபை சேவைக்கு ஒதுக்கி, இளையோரையும் பிள்ளைகளையும் வேலையில் சேர்த்துக்கொள்கிறது.

நம்மை நோக்கி ஒரு கேள்வி

2016 ஒக்டோபர் 31இல் சுவீடனில் திருத்தந்தை பிரான்சிஸ் லுத்தரன் தலைவர்களோடு சேர்ந்து செபித்தார். அன்றே நமது கரித்தாஸ் அமைப்பும் லுத்தரன் உலக சம்மேளனத்தின் சேவைப் பிரிவும் இணைந்து பணியாற்ற உடன்பட்டுக் கையொப்பமிட்டன. ஆகவே அவர்களிடம் கற்க நாம் கூச வேண்டியதில்லை.

யுத்தத்திலும் கடற்கோளிலும் நிவாரணம் பெற்ற மக்கள் நாம். பொதியின்மேல் பெரிய எழுத்தில் பெயர், பின்னால் பதாகை, கொடுப்பவர் சிரிக்க, பெறுபவர் தலைகுனிய, நிழற்படம். அந்த வரிசையில் நின்றவர்கள் அரிசியின் அளவை மறந்திருப்பார்கள். அந்த நிழற்படத்தை மறந்திருக்க மாட்டார்கள். இன்று நம் பங்குகளும் பிறருக்குக் கொடுக்கும் நிலைக்கு வந்திருக்கின்றன. அடுத்த முறை வெள்ளம் வந்து, நாம் பொதி கட்ட அமரும்போது, அதன்மேல் எதை எழுதப் போகிறோம்?