செந்நிறப் பூவின் பாடல்

இன்று ஒரு நாவலையும் அதிலிருந்து பிறந்த பேசாப்படத்தையும் பார்ப்போம். நாவலை 1905இல் எழுதியவர் பின்லாந்து எழுத்தாளர் யொஹன்னஸ் லின்னன்கோஸ்கி. படத்தை 1919இல் சுவீடனில் நெறிப்படுத்தியவர் மொரிட்ஸ் ஸ்டில்லர். பின்னாளில் கிரேட்டா கார்போவைப் புகழேணியில் ஏற்றியவர் என்றால் பலருக்கும் நினைவு வரும். இவரும் ஹெல்சிங்கியில் பிறந்தவரே. ரஷ்யப் படையில் சேர மனமின்றி சுவீடனுக்குத் தப்பிச் சென்றவர்.

கதாநாயகன் ஒலொஃப் வசதியான பண்ணைக்காரரின் மகன். வேலைக்காரப் பெண்ணொருத்தியுடன் கொண்ட உறவால் தந்தையோடு மோதி, வீட்டைவிட்டு வெளியேறி, மரவேலைக்காரருடன் சேர்கிறான். குளிர்காலத்தில் வெட்டிய மரங்களை, பனி உருகி ஆறு பெருகும்போது மிதக்கவிட்டு ஆலைகளுக்குக் கொண்டுசெல்வார்கள். நீண்ட கோலுடன் கட்டைகள்மீது தாவித் தாவி, அவை சிக்கிக்கொள்ளாமல் ஓட்டுவதே தொழில். கால் தவறினால் உயிர் தங்காது.

ஊருக்கு ஊர் ஒரு பெண் என்று அலைகிறவனை நிறுத்தி வைப்பவள் கில்லிக்கி. ஆனால் நாடோடிக் கட்டைக்காரனுக்குப் பெண் கொடுக்க அவளுடைய தந்தை மறுக்கிறார். ஊரே கரையில் நின்று பார்க்க, ஒற்றைக் கட்டையில் நின்றபடி ஒலொஃப் நுரைத்துப் பாயும் ஆற்றில் இறங்கும் காட்சிதான் படத்தின் பெரும் புகழுக்குக் காரணம். வீரக் காதல் என்று இதை எல்லோரும் மெச்சுவர். எனக்கோ அது ஒருவகைப் பழிதீர்ப்பாகவே படுகிறது. தன்னோடு மோதிய தகப்பனுக்கும், காணியில்லாதவனை மனிதனாக மதிக்காத பண்ணைக்காரருக்கும் அவன் உயிரைப் பணயம் வைத்துச் சொல்லும் பதில் அது. தானும் பண்ணைக்காரர் மகன்தான் என்பதுதான் வேடிக்கை!

பழி பிறகு அவன்மீதே திரும்புகிறது. தான் முன்பு காதலித்துக் கைவிட்ட பெண்ணொருத்தியை நகரத்து விலைமாதர் இல்லத்தில் காண்கிறான். அவள் தன்னை மாய்த்துக்கொள்கிறாள். கண்ணாடியில் தன் முகத்தையே எதிர்கொள்ளும் ஒலொஃபாக லார்ஸ் ஹன்சன் நடிக்கும் கட்டத்தில் ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. ஆற்றோட்டக் காட்சியைவிட இதையே நான் உயர்வாக மதிக்கிறேன். படத்துக்கென்றே ஆர்மஸ் யார்னெஃபெல்ட் இசையமைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

பேசும்படக் காலத்தில் இதே கதை 1934, 1956ஆம் ஆண்டுகளில் சுவீடனிலும், 1938, 1971ஆம் ஆண்டுகளில் பின்லாந்திலும் மீண்டும் படமானது.

ஒலொஃப் கடைசியில் வீடு திரும்புகிறான். தாயும் தகப்பனும் உயிரோடு இல்லை. யாரை வெல்லப் புறப்பட்டானோ அவருடைய வெறும் வீட்டுக்குத்தான் கில்லிக்கியை அவன் அழைத்துவர வேண்டியிருக்கிறது.