ஓடும் நூலுக்கு ஓடும் சராசரி

திண்டுக்கல்லைத் தாண்டி வேடசந்தூர் பக்கம் போனால் எங்கும் நூல் மில்கள்தான். தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் அனுப்பும் நூல் சீராக இருக்கிறதா என்று பார்க்க மில் சோதனைக்கூடத்தில் ஒரு கருவி உண்டு. மின்தேக்கித் தகடுகளுக்கு நடுவே நூலை நிமிடத்துக்கு 400 மீட்டர் வேகத்தில் ஓடவிடுவார்கள். நூல் தடித்தால் மின்தேக்குத் திறன் கூடும், மெலிந்தால் குறையும். 8 மில்லிமீட்டருக்கு ஓர் அளவு என்று வைத்துக்கொண்டாலே நிமிடத்துக்கு 50,000 எண்கள் வந்து குவியும்.

கடைசியில் எல்லோரும் கேட்பது 'சி.வி. எவ்வளவு?' என்பதுதான். சராசரியைச் சுற்றி நூலின் பருமன் எத்தனை சதவீதம் அலைகிறது என்பதே சி.வி. எண்கள் எல்லாவற்றையும் சேர்த்துவைத்து, புது எண் வரும்போதெல்லாம் முதலிலிருந்து கூட்டிக்கொண்டிருந்தால் கணினிக்கு அதற்கே நேரம் போதாது. அந்த அவசியமும் இல்லை. நான்கு அளவுகளின் சராசரி 100. ஐந்தாவதாக 110 வருகிறது. வித்தியாசம் 10, அதை 5-ஆல் வகுத்துப் பழைய சராசரியோடு கூட்டினால் 102. பழைய எண்கள் என்னென்ன என்று கேட்கவே வேண்டாம்.

அலைச்சலைக் கணக்கிடும்போதுதான் சிக்கல். வர்க்கங்களின் கூட்டுத்தொகையிலிருந்து, சராசரியின் வர்க்கத்தை எண்ணிக்கையால் பெருக்கிக் கழிக்கும் பாடப்புத்தக வாய்பாடு காகிதத்தில் சரி. 10,001, 10,002, 10,003 என்ற மூன்று அளவுகளில் அதைப் போட்டுப் பாருங்கள். வர்க்கங்களின் கூட்டு 30,01,20,014. கழிக்க வேண்டியது 30,01,20,012. விடை 2. சுமார் 7 இலக்கம் மட்டுமே துல்லியமாக வைத்திருக்கும் கணினி எண்ணில் அந்த 2 இருந்த இடம் தெரியாமல் போய்விடும். சில சமயம் விடை எதிர்மறையாகவே வரும்; அதற்கு வர்க்கமூலம் எடுக்கச் சொன்னால் நிரல் திணறும்.

1962-ல் வெல்ஃபோர்டு என்பவர் 'டெக்னோமெட்ரிக்ஸ்' இதழில் இதற்கு வழி சொன்னார். புது எண்ணுக்கும் பழைய சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தை, அதே எண்ணுக்கும் புதிய சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கிச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். முதலில் பார்த்த 110 கணக்கில் 10 × 8 = 80. பெரிய வர்க்கங்களே உள்ளே வருவதில்லை. இத்தனை எளிமையாக இவ்வளவு பெரிய தொல்லையைத் தீர்க்கும் வரி நிரலுலகில் அபூர்வம்.

கடைசி 1,000 அளவுகளுக்கு மட்டும் சராசரி வேண்டுமென்றால், உள்ளே வருவதைக் கூட்டி, வெளியே போவதைக் கழித்தால் போதும். ஆனால் ஒவ்வொரு முறையும் துளி பிசகு ஒட்டிக்கொள்ளும். வான்கூவர் பங்குச்சந்தை 1982-ல் 1000 புள்ளிகளில் தொடங்கிய குறியீட்டை இப்படித்தான் திருத்திக்கொண்டே வந்தது. ஒவ்வொரு முறையும் மூன்று தசமத்துக்கு மேற்பட்டதை வெட்டி எறிந்தார்கள். 1983 நவம்பரில் குறியீடு 524-க்கு இறங்கிக் கிடந்தது. சரியாகக் கணக்கிட்டபோது 1098! தவறிப்போகும் துளிகளைத் தனியே சேர்த்துவைத்து அடுத்த கூட்டலில் திருப்பித் தரும் கஹான் முறை 1965-லேயே வந்துவிட்டது. பைத்தானின் பாண்டாஸ் நூலகம் இன்று ஓடும் சராசரிக்கு அதையே பயன்படுத்துகிறது.

மில்லில் இன்னொரு சங்கதியும் உண்டு. 40-ஆம் நம்பர் நூல் ஓட வேண்டிய இடத்தில் அதைவிடத் தடித்த 30-ஆம் நம்பர் பாபின் மாறி ஏறிவிட்டால், சற்று நேரத்தில் ஓடும் சராசரியும் அந்தத் தடித்த நூலுக்கே பழகி, எல்லாம் ஒழுங்கு என்று காட்டும். அதனால்தான் கோன் சுற்றும் எந்திரத்தின் யார்ன் கிளியரரில் நூலின் நம்பரைச் சரிபார்க்கத் தனிக் கண்காணிப்பு வைத்திருக்கிறார்கள். நிரலிலும் அப்படித்தான் எழுத வேண்டும்: கூடவே ஓடும் சராசரி ஒன்று, நகராமல் நிற்கும் சராசரி ஒன்று.