உங்களுக்குத் தெரியுமா? இரண்டு விளையாட்டுகளில் இந்தியாவுக்காக ஆடிய தமிழர்

பேஸ்பால் என்றதும் உலகம் சொல்லும் பெயர் பேப் ரூத். பந்தை எறிபவராக 94 ஆட்டங்களை வென்றவர், மட்டையைப் பிடித்து 714 ஹோம் ரன்களும் அடித்தார். இரட்டைத் திறமையில் அவருக்கு இணையாகச் சொல்ல நம்மிடமும் ஒருவர் உண்டு: கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடிய எம்.ஜே. கோபாலன்.

● செங்கல்பட்டுப் பக்கம் மொரப்பாக்கத்தில் பிறந்த வேகப்பந்து வீச்சாளர். 1934 ஜனவரியில் கொல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடினார்.

● ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் இவர்தான். நாள்: 1934 நவம்பர் 4. இடம்: சேப்பாக்கம். மைசூருக்கு எதிரான அந்த ஆட்டத்தைச் சென்னை அணி ஒரே நாளில் வென்றது.

● 1935-இல் ஹாக்கி வீரர் தியான்சந்துடன் இந்திய அணியில் நியூசிலாந்து சென்றார்.

● 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் வாய்ப்பை விட்டு, கிரிக்கெட் அணியுடன் இங்கிலாந்து போனார். அங்கே ஒரு டெஸ்டிலும் இடம் கிடைக்கவில்லை. ஹாக்கி அணியோ தங்கம் வென்றது.

● சென்னையும் இலங்கையும் மோதிய கோபாலன் கோப்பை, 1950-களில் இவர் பெயரில் தொடங்கியது. 2003 டிசம்பரில் மறைந்தார்.

கோபாலனைப் போல நம் மடத்துக்குளத்திலும் ஹாக்கி மட்டையும் கிரிக்கெட் மட்டையும் ஒருசேரக் கேட்கும் பிள்ளைகள் இருந்தால், பெற்றோரே, இரண்டையும் ஆட விடுங்கள். எதில் சிறப்பார்கள் என்பதை ஆட்டமே காட்டும்.